மச்சான் பக்கம் ஓட்டை

“என் தங்கச்சியப் பெட்டியோட திருப்பி அனுப்பினவன்தானே நீ? என் மூஞ்சில முழிக்காதடா!”

நெட்டையன் தன் மச்சானின் பனியனைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். குட்டையனும் லேசுப்பட்டவன் இல்லை. “கைய எடு. உன் தங்கச்சி வாய்க்கு நானா இருந்ததால இத்தனை நாள் தாங்கினேன்” என்றான். ஒரே கூடைப்பந்து அணியில் ஆடுகிற இருவரையும் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

இவ்வளவும் நடந்தது எதிரணியின் அறை வாசலில். அந்த அணியின் பயிற்சியாளருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ‘இன்னைக்கும் தோத்தா மூட்டையக் கட்டு’ என்று அணியின் முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

உள்ளே போய்த் தன் வேகக்காரனைப் பிடித்தார். “குட்டையன் பக்கமே பூந்து போ. அவனத் தாண்டிட்டா, பின்னாடி வந்து மறிக்க வேண்டியது நெட்டையன். மச்சானுக்காக அவன் சுண்டுவிரலக்கூட அசைக்க மாட்டான்.”

ஆட்டத்துக்கு முன் தண்ணீர் குடிக்கும்போதும், ஷூ கயிறு கட்டும்போதும் நெட்டையனின் பார்வை குட்டையனை விட்டு நகரவில்லை. பகை நன்றாக முற்றியிருக்கிறது என்று பயிற்சியாளர் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

ஆட்டம் தொடங்கியது. வேகக்காரன் குட்டையனை ஏமாற்றித் தாண்டினான். வளையத்துக்குக் கீழே நெட்டையன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். நெட்டையன் விட்டுவந்த ஆளை அவன் அணியின் இன்னொருவன் ஓடிவந்து மறித்தான், அந்த இன்னொருவன் விட்ட ஆளை அடுத்தவன். பந்தைக் கொடுக்கக்கூட இடமில்லை. நெட்டையன் தட்டிய தட்டில் பந்து பறந்தது.

“ஏதோ குருட்டாம்போக்குல நடந்துச்சு. திரும்பவும் அங்கயே போ!”

போனான். போனபோதெல்லாம் அதே கதி. ஒவ்வொரு முறையும் பந்தைத் தட்டிவிட்டு, நெட்டையன் குட்டையனின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான்.

“சார், நான் தாண்டறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிடுது!”

“வாய மூடிக்கிட்டு ஓடு!” பயிற்சியாளர் பல்லைக் கடித்தார்.

தோற்றார்கள். முதலாளி அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். வேலை போனது போனதுதான்.

வயிறெரிய வந்த பயிற்சியாளர், நெட்டையனை அதே வாசலில் வழிமறித்தார். “வேணும்னே என் கதவுக்கு முன்னாடி நாடகம் போட்டீங்க, இல்ல? மச்சானும் மச்சானும் கூட்டுச் சேர்ந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேடா!”

நெட்டையன் அவரைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்த குட்டையனின் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தான்.

“நாடகமா? அவன் எப்ப கோட்டை விடுவான், எப்ப அவன் காதுல நாலு வசவு துப்பலாம்னுதான் சார் கண்ணு கொட்டாம காத்துக்கிட்டிருக்கேன்!”