முயலுக்குப் போக மீதி

கையும் பப்பாளியுமாகப் பிடிபட்டார் காஸ்பர்.

பிடித்தவர் பக்கத்து வீட்டு ராஜமதி அம்மாள். செஞ்சியில் மணிலாக் கொட்டை வியாபாரம் செய்யும் வாசுபூஜ்யன் நயினாரின் மனைவி. இடம், அவர் வீட்டுத் தோட்டத்து முயல் கூண்டு. காஸ்பரின் ஒரு கை கூண்டுக்குள் இருந்தது. மறு கையில் பப்பாளிக் கீற்று. வேட்டி மடிப்பில் வாழைப்பழங்கள் துருத்திக்கொண்டிருந்தன.

வேறு யாராவது என்றால் நாலு திட்டோடு போயிருக்கும். காஸ்பர் மாதாகோயில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து, களவு செய்யாதிருப்பாயாக என்று பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவர். பங்குச் சாமியார் காதுக்கு இது எட்டினால் வேலையும் போகும், ஊரில் இருக்கிற மரியாதையும் போகும்.

ராஜமதி அம்மாளுக்குக் கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகம். அனந்தபுரம் சந்தையில் கறிக்குப் போகவிருந்த முயல் ஜோடியைக் காசு கொடுத்து மீட்டு வந்தவர் அவர். அந்தச் சமண வீட்டில் மண்ணுக்கடியில் வேராய்ப் பருக்கிற எதுவும் நுழையாது. கேரட்டும் கிடையாது, கிழங்கும் கிடையாது. ஆகவே முயல்களுக்குப் பழம், அதுவும் தட்டு நிறைய. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் அவர் சாப்பிட்டு முடித்துவிடுவார். முயல்களுக்கும் அதே சட்டம். தட்டை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவார். திரும்பி வந்து பார்த்தால் பழமும் இருக்காது, கூண்டில் கிடந்த புல்லும் இருக்காது. செல்லங்களுக்கு நல்ல பசி என்று பூரித்துப் போயிருந்தார்.

இன்று கோயிலில் வெள்ளையடிக்கிறார்கள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பாதி வழியில் திரும்பி வந்தவர் கண்ணில்தான் உபதேசியார் பட்டார்.

எத்தனை நாளாக நடக்கிறது இது என்று கேட்டார். கொஞ்ச நாளாகவே என்று தலையைக் குனிந்துகொண்டார் காஸ்பர்.

துணி எடுக்கத் தோட்டத்துப் பக்கம் வந்த பின்வீட்டு ரத்தினம்மாளும் வேலியோரம் நின்றுவிட்டாள். ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற அறுபத்தைந்தாம் வருஷம். பசிதான் மனுஷனை இப்படி ஆக்கிவிட்டது என்று ராஜமதி அம்மாள் நினைத்தார்.

"பசின்னா வாயைத் தொறந்து கேக்கறதுதானே உபதேசியாரே? வாயில்லா ஜீவன் தட்டுலயா கை வெக்கிறது?"

நாளையிலிருந்து கூண்டுக்குப் பூட்டு என்றார் ராஜமதி அம்மாள். அதுவரை மரம் போல நின்ற காஸ்பர், பூட்டு என்றதும் பதறிப்போனார்.

"பூட்டாதீங்கம்மா. பழம்னா எனக்கு ஆசை, அடக்க முடியல. ஒண்ணு செய்யுங்க. முயலுக்கு ஒண்ணு விட்டு ஒரு நாள், தலைக்குக் கட்டைவிரல் அத்தனை துண்டு, கொட்டையை எடுத்துட்டுப் போடுங்க. மீதியை எனக்குக் குடுத்துடுங்க. இனிமே கூண்டாண்ட வரமாட்டேன்."

ரத்தினம்மாள் மூக்கின்மேல் விரலை வைத்தாள். முயலோடு பாகப்பிரிவினை பேசுகிற மனுஷனை அவள் இதுவரை பார்த்ததில்லை. முயலுக்குக் கட்டைவிரல், இவருக்கு முழுப் பழமாம்.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்ல ராஜமதி அம்மாளுக்கு வரவில்லை. சரி என்றார். பங்குச் சாமியாரிடம் சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தார். ரத்தினம்மாள் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

காஸ்பர் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவதற்குள் வேலி வழியாகப் பப்பாளித் தட்டு வந்து சேர்ந்துவிட்டது. அதைவிட வேகமாகச் சேதியும் வந்துவிட்டது. மனைவி லில்லி அழுகையும் ஆத்திரமுமாக உட்கார்ந்திருந்தாள்.

பப்பாளி வாசனை பட்டாலே எழுந்து போகிறவர் அவள் புருஷன். கூண்டிலிருந்து எடுத்த பழமெல்லாம் தெருக்கோடிப் பசுமாட்டுக்குத்தான் போனது என்பதும் அவளுக்குத் தெரியும். சாமியார் பங்களாவில் முயல் வளர்த்த காலத்திலிருந்தே முயல் வயிற்றின் குணம் அவருக்கு அத்துப்படி. பிறகு எதற்கு இந்தத் திருட்டுப் பட்டம் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

"பழம் அதிகமானா முயலுக்கு வவுறு உப்பி உசுருக்கே ஆபத்துன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா இன்னா? உங்க வாயில இன்னா கொழுக்கட்டையா இருக்குது?"

காஸ்பர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு துண்டை வாயில் போட்டு, கசாயம் குடிக்கிற முகத்தோடு விழுங்கினார்.

"சொல்லலாம் லில்லி. போன வருசம் ஒரு ஜோடி வளத்தாங்களே, பனி தாங்காம செத்துடுச்சுன்னு நான்தான் அவங்களுக்குச் சொல்லி வெச்சேன். அதுங்க ரெண்டும் வவுறு உப்பித்தான் செத்துச்சுங்க. இப்ப இதைச் சொன்னா, 'அப்ப அதுங்களை நானா கொன்னேன்?'னு கேப்பாங்க. எறும்பை மிதிச்சாலே அன்னிக்கு முழுக்கப் பட்டினி கெடக்கிறவங்க. நான் இன்னா பதில் சொல்லட்டும்?"