கோணல் கதவு

செண்பகவல்லியின் நுரையீரலில் ஒரு செல். அந்தச் செல்லின் பட்டறையில் கதவு பார்க்கும் மேஸ்திரிக்கு ஒரே வேலை: நேரான கதவைச் சுவருக்கு அனுப்புவது, கோணலானதை உடைத்துப் போடுவது. ஆனால் அங்கே செய்கிற உப்புக்கதவு எல்லாமே பிறவியிலேயே இடுப்பில் ஒரு துண்டு குறைந்து கோணலாகத்தான் வந்தது. மேஸ்திரி சளைக்காமல் உடைத்தார். சுவரில் கதவில்லாததால் உப்பு வெளியே போகவில்லை. உப்பின் பின்னாலேயே ஓடும் தண்ணீரும் போகவில்லை. வெளியே சளி கோந்தாய் இறுகியது. சிரித்தால் இருமல் பிடித்துக்கொள்ளும் என்று செண்பகவல்லி சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

ஒருநாள் மேஸ்திரி சுத்தியலை ஓங்கியபோது, செண்பகவல்லி விழுங்கிய மாத்திரையிலிருந்து வந்த குட்டி மருந்து ஒன்று கதவின் இடுப்பைத் தாங்கிப் பிடித்தது.

“இப்பப் பாருங்க மேஸ்திரி.”

மேஸ்திரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. “நீ பிடிச்சிருக்கறதாலதானேடா நிக்குது!”

“ஆமா. அப்படி நின்னா கதவு திறக்காதா?”

மேஸ்திரி சுத்தியலை இறக்கினார். முணுமுணுத்துக்கொண்டே சுவருக்கு அனுப்பினார். கதவு திறந்தது. உப்பு பாய்ந்தது, தண்ணீர் பின்னாலேயே ஓடியது. பக்கத்துச் செல்களிலும் இதே கூத்துதான். சளி வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

திடீரென்று பட்டறையே குலுங்கியது. மேஸ்திரி சுத்தியலைப் போட்டுவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டார். “ஐயோ, என்னடா இது?”

“பயப்படாதீங்க. செண்பகவல்லி சிரிக்கிறாங்க.”

குலுங்கல் நிற்கவேயில்லை. அடுத்த கோணல் கதவு நடுங்கியபடி வந்து நின்றது. மேஸ்திரி சுத்தியலைத் தேடவில்லை.

“அப்படி ஓரமா நில்லு,” என்றார். “உன்னைத் தாங்கிக்க ஆள் வருது.”