முழ நீளக் கம்பி

"கம்பியக் கீழ போடு. ஒருத்தன் மண்டையப் பொளந்தது பத்தாதா உனக்கு?"

"போட மாட்டேன் மிஸ்."

கல்பனா டீச்சர் ஓர் அடி முன்னால் வைத்தாள். கரும்பலகையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்ற ஏஞ்சல், அந்த முழ நீளக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கினாள். நுனியில் மோசஸின் ரத்தம் பளபளத்தது. அவனைப் பையன்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாக ஆபீஸ் ரூமுக்கு நடத்திப் போயிருந்தார்கள். போன வழியெல்லாம் எட்டாம் வகுப்பின் தரையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

சற்று முன்பு வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. 'நம்ம ஊர்த் தொழில்' என்ற புராஜெக்டுக்காக வாரம் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வருவாள் கல்பனா. போன வாரம் பொன்னேரியிலிருந்து நெல் மில்காரர். இந்த வாரம் சிப்காட் இரும்பு ஆலையில் புதிதாகச் சேர்ந்திருந்த இன்ஜினியர் துளசிராமன்.

அவருக்குக் காட்டவென்று பிள்ளைகள் அட்டையில் ஓர் உலை செய்து, சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டி, உள்ளே டார்ச் லைட் வைத்திருந்தார்கள். துளசிராமன் அதைத் தட்டிக் கொடுத்தார்.

"இதுக்குள்ள ஆணி போனாலும் ஒண்ணுதான், ஆட்டோ போனாலும் ஒண்ணுதான். எது போனாலும் தண்ணியா உருகிக் கலந்துடும். கடைசியில கம்பியா வெளிய வரும்."

வகுப்பு சிரித்தது. பையிலிருந்து ஒரு கம்பித் துண்டை எடுத்து முதல் பெஞ்சில் கொடுத்தார். அது கை மாறி மாறி வந்தபோது ஏஞ்சல் எழுந்து நின்றாள்.

"இது என்னிக்கு ஊத்துனது சார்?"

கல்பனாவுக்கு ஆச்சரியம். ஆடி மாதத்திலிருந்து அந்தப் பெண் வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அவள் அப்பா அந்தோணி, ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. ஆந்திராவில் யாரோடோ குடும்பம் நடத்துகிறார் என்று ஊரே பேசியது. 'ஓடிப்போனவன் பொண்ணு' என்று சொன்ன பிள்ளைகளை அவள் அடித்தாள், கடித்தாள். இன்னொரு முறை கை நீட்டினால் டி.சி.தான் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். நான் பொறுப்பு சார் என்று கல்பனா கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அவகாசம் இது.

துளசிராமன் கம்பியில் கட்டியிருந்த தேதி குத்திய தகர வில்லையைத் திருப்பிப் பார்த்தார். "ஆடிக் கிருத்திகை அன்னிக்கும்மா. பாதிப் பேரு காவடி எடுக்கப் போயிருப்பாங்க. இருக்கற ஆள வச்சு ஓட்டியிருப்பாங்க."

அதன் பிறகு ஏஞ்சல் கம்பியை அடுத்த பெஞ்சுக்குத் தரவே இல்லை. மோசஸ் பிடுங்கினான். கீழே போட்டு ஷூவால் மிதித்து முன்னும் பின்னும் உருட்டினான்.

"காலை எட்றா. குட்றா அத."

"இன்னாத்துக்கு? உங்கப்பன் ஊட்டு சொத்தா?"

கம்பி எப்படி அவள் கைக்குப் போனது என்று கல்பனா பார்க்கவில்லை. எலும்பில் இரும்பு மோதிய சத்தத்தைத்தான் கேட்டாள்.

இப்போது பி.டி. மாஸ்டர் வரதன் பிரம்போடு உள்ளே நுழைந்தார்.

"இதுங்கிட்ட இன்னா பேச்சு வேண்டிக்கீது மிஸ்? தள்ளுங்க."

முதல் அடி அவள் முழங்கையில் விழுந்தது. ஏஞ்சல் திருப்பி அடிக்கவில்லை. ஓங்கிய கம்பியை மார்போடு அணைத்து, அதன் மேல் கவிழ்ந்துகொண்டாள். அடுத்தடுத்த அடியெல்லாம் முதுகில். வரதன் சடையைப் பிடித்து நிமிர்த்தினார். அவள் அவர் மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். அவர் உதறிய வேகத்தில் அவள் தலை கரும்பலகையில் மோதியது. உதடு கிழிந்தது. கைகள் மட்டும் பிரியவில்லை.

"போதும் மாஸ்டர், செத்துடப் போறா." கல்பனா குறுக்கே புகுந்தாள். "ஏஞ்சல், இது சாரோட சாம்பிள்டி. குடுத்துடு. டி.சி. கிழிச்சுக் கையில குடுத்தா நான் யாருகிட்டடி போயி நிப்பேன்?"

"குடுக்கட்டும் மிஸ். நான் ஸ்கூலுக்கே வரல."

துளசிராமன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். "இங்க பாரும்மா, இத ஆபீசுல திருப்பிக் குடுக்கணும். இதே மாதிரி வேற கம்பி நாளைக்கே அனுப்பி வைக்கிறேன். சரியா?"

"வேற வேணாம் சார்."

"அப்படி என்னம்மா இருக்கு இந்தக் கம்பியில?"

ஏஞ்சல் நிமிர்ந்தாள். துப்பட்டா முனையால் முதலில் கம்பியில் இருந்த மோசஸின் ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு தன் உதட்டிலிருந்து அதன் மேல் சொட்டியதைத் துடைத்தாள். தூங்கும் குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல அத்தனை மெதுவாக. வரதன்கூடப் பிரம்பைத் தாழ்த்தினார்.

"உங்க கம்பெனில யாரும் உங்களுக்குச் சொல்லலியா சார்? அங்க வேல பாக்கற சின்னதுரை மாமா கூடவே நின்னுக்கினு இருந்தாராம். யாராண்டயும் சொல்லாதீங்கன்னு எங்கம்மா காலப் புடிச்சுக்கினு அழுதாரு."

"எதை?" என்றார் துளசிராமன்.

"அன்னிக்கு உலைக்குள்ள உழுந்த எங்க நைனா இதுலதான் சார் கீறாரு. ஊட்டுக்கு எடுத்துக்கினு போவட்டா?"