துணைக்கு ஒரு கல்

"மூணு பேராப் போகாதீங்கண்ணே. துணைக்கு ஒரு கல்லையாச்சும் எடுத்து வண்டியில போட்டுக்கங்க" என்றாள் சுந்தரவல்லி, கார் கதவைப் பிடித்தபடி.

முன் இருக்கையில் இருந்த ராஜகுரு சிரித்தார். "மூணு பேரு கெளம்புனா ஒருத்தர் திரும்ப மாட்டாங்கங்கிறத இன்னுமா நம்புறே? கொடைக்கானலுக்கு ரெண்டே நாளு. அம்புட்டுதான்."

"வியாழக்கிழமை இவருக்கு நெஞ்சுல ஆபரேசன். ஆசைப்பட்டாரேன்னு உங்கள நம்பி அனுப்புறேன். பத்திரமாக் கொண்டாந்து விடணும்."

"இதே வாசல்ல கொண்டாந்து எறக்குறேன்மா. போதுமா?"

அதற்குள் அவள் கணவர் துளசிராம் பின் இருக்கையிலிருந்து இறங்கி, எதிரே வைகைக் கரைச் சரிவில் மெல்ல நடந்துபோய் ஒரு கல்லோடு திரும்பினார். தேங்காய் அளவு, வழவழவென்று இருந்தது.

"வல்லி, நாலாவது ஆளு வந்தாச்சு. இனி நீ நிம்மதியா சீரியல் பாரு" என்று அதைத் தன் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

நண்பர் வீரணன் தன் காரைக் கிளப்பினார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கார். கோச்சடையைத் தாண்டுவதற்குள் அலாரம் கத்தத் தொடங்கியது.

"மாப்ள, பெல்ட்டப் போடுடா" என்றார் வீரணன், கண்ணாடியில் துளசிராமைப் பார்த்து.

"போட்டுத்தாண்டா இருக்கேன்."

"பின்னாடி வலது பக்கம் ஆள் உக்காந்திருக்குன்னு காட்டுதே."

மூவரும் அந்தக் கல்லைப் பார்த்தார்கள். துளசிராம் சிரித்துக்கொண்டே கல்லின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினார். அலாரம் நின்றது.

"நல்ல வெயிட்டான ஆளுதான் போல" என்றார் வீரணன்.

வத்தலக்குண்டில் சாப்பிட இறங்கினார்கள். மெஸ்ஸில் பரிமாறுபவர் நான்கு இலை போட்டார்.

"மூணு பேருதான்ப்பா" என்றார் ராஜகுரு.

"அந்த அண்ணன் சாப்பிடலயா?"

"எந்த அண்ணன்?"

"உங்க கூடத்தான் கார்ல இருந்து எறங்குனாரு. ஈர வேட்டியோட. கை கழுவப் போயிருக்காருன்னுல நெனச்சேன்."

வீரணன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். மற்ற இருவரும் பின்னால் வர, போய்க் கார் கதவைத் திறந்து கல்லைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பக்கம் நூல் சுற்றியிருந்தது. காய்ந்த எள் ஒட்டியிருந்தது.

"அடப்பாவி, இது கருமாதிக் கல்லுடா! செத்தவங்க உசுர இதுல நிறுத்தி வச்சுக் கும்பிட்டு, கடைசியில ஓடுற தண்ணியில விட்டுரணும். இத விடாமலே கரையில போட்டுட்டுப் போயிருக்காய்ங்க. விடலைன்னா அது வீடு தேடித் திரியும்."

துளசிராமின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அதைப் பார்த்ததும் ராஜகுருவுக்கு மலையும் வேண்டாம், குளிரும் வேண்டாம் என்றாகிவிட்டது.

"வண்டியத் திருப்பு வீரா. மொதல்ல இவன வீட்டுல கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

"ரூம் போட்டிருக்கோமே?"

"போனாப் போகுது. திருப்பு."

திரும்பும் வழியில் ஒரு வாய்க்கால் பாலம் வந்தது. தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"குடு, நான் விட்டுட்டு வாரேன்" என்று ராஜகுரு கை நீட்டினார்.

"எடுத்தவன்தான் விடணும்டா" என்றார் துளசிராம். "நாலு படிதானே. ஓடியா போகப்போறேன்? நீ உக்காரு."

புதருக்குப் பின்னால் அவர் தலை மறைந்தது. 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ராஜகுரு இறங்கலாமா என்று யோசிப்பதற்குள் படியேறி வந்துவிட்டார். தலை நனைந்திருந்தது. முகத்தைத் துண்டால் துடைத்தபடியே, இந்த முறை கல் இருந்த பக்கமாக ஏறிக்கொண்டார்.

"விட்டுட்டியா?"

"ம்."

அலாரம் கத்தியது. பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டதும் நின்றது. ராஜகுருவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இனி மூன்று பேர்தான். ஆனால் மலை ஏறவில்லை, ஒரு மணி நேரத்தில் வீடு. அவர் சுந்தரவல்லிக்குப் போன் போட்டுச் சொன்னார்: "திரும்பி வாரோம்மா. ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு."

வாடிப்பட்டியில் வீரணன் டீக்கு நிறுத்திப் பின் இருக்கைப் பக்கம் கேட்டார். "உனக்கும் சொல்லவாடா?"

"ம்கூம்."

"நெஞ்சு வலிக்குதா?" என்று ராஜகுரு திரும்பிப் பார்த்தார். துண்டு போர்த்திய தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். ஏசியை நிறுத்திய பிறகும் காருக்குள் குளிர் விடவில்லை.

நாலு மணிக்குக் கோச்சடை. சுந்தரவல்லி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொன்ன மாதிரி கொண்டாந்து எறக்கிட்டேன்மா" என்று ராஜகுரு முன்பக்கம் இறங்கிச் சோம்பல் முறித்தார்.

அவள் பின் கதவைத் திறந்தாள். திறந்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அண்ணே... அவரு எங்க?"

ராஜகுரு குனிந்து பார்த்தார். துளசிராமின் துண்டுக்கு அடியில், தண்ணீர் சொட்டச் சொட்ட, பெல்ட் மாட்டிக்கொண்டு அந்தக் கல் இருந்தது.