பக்கத்து சீட்டு

அந்தப் பெண்ணின் உதடுகள் அவர் காதைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு வயிறு எரிந்தது.

சுற்றிலும் ஒரே பச்சைச் சட்டை, காது கிழியும் கூச்சல். இந்த ஊர் அப்படித்தான். அணி கோப்பையைத் தொட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது; ஆனாலும் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறவர்கள் முதலில் போட்டி அட்டவணையைத்தான் புரட்டுவார்கள். இன்றைக்கு ஜெயித்தால் கோப்பை என்பதால் மருந்துக் கடைக்காரர்கூட ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருந்தார்.

மனைவிக்குக் கால்பந்து என்றாலே ஆகாது. அவர் பஸ் ஓட்டிய காலத்திலேயே, சனிக்கிழமை டூட்டி விழுந்தால் யார் காலையாவது பிடித்து மாற்றிக்கொண்டு இங்கே ஓடிவந்துவிடுவார். வேலையை விட்டு வீட்டோடு ஆன பிறகு, தையல் கடைக்கும் வீட்டுக்குமாக ஓடி அவருக்கு எல்லாமே அவள்தான் செய்தாள். இனி முழுசாகத் தனக்குத்தான் என்று நினைத்திருந்தபோது, பக்கத்து சீட்டுக்கு இவள் வந்து சேர்ந்தாள்.

“அவங்க குரல் இருக்கே! அவங்க பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு ஆட்டமே ஆட்டமா இருக்கு” என்பார், வெட்கமே இல்லாமல்.

இன்று காலையும் அப்படித்தான். சட்டையை நீட்டி, “இது பச்சைதானே?” என்றார்.

“பச்சைதான். யாரு மெச்சணும்னு இவ்வளவு அலங்காரம்?”

“நம்ம டீமுக்காகத்தான்.”

“அப்ப இன்னிக்கு நான் கூட வர்றேன்.”

அவர் சிரித்துவிட்டார். “நீயா? உனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா?”

அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. அவரை டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாடிக்கைக்காரர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி டிக்கெட் வாங்கி, பின்னாலேயே வந்துவிட்டாள்.

வந்ததிலிருந்து பார்க்கிறாள். அந்தப் பெண் வாயை மூடவே இல்லை. அவர் உள்ளங்கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதில் விரலால் கோடு கோடாக இழுக்கிறாள். நம் அணி கோல் போட்டதும் இரண்டு பேரும் எழுந்து கட்டிக்கொண்டார்கள்.

நடுவில் ஒருமுறை அவர் பின்பக்கம் திரும்பினார். அந்த முகம் அவ்வளவு மலர்ந்து அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று! தன்னால் கொடுக்க முடியாத எதையோ இன்னொருத்தி கொடுக்கிறாள் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

எதிரணி ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நமக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. கேப்டன் பந்தை வைக்கக் குனிந்ததும், அத்தனை பெரிய கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டது.

அந்தப் பெண் மறுபடியும் அவர் காதருகே குனிந்தாள். அதற்கு மேல் மனைவிக்குத் தாங்கவில்லை. எழுந்தே விட்டாள்.

“போதும்மா! கொஞ்சம் கையை எடு. அவரு என் புருஷன்!”

அந்த அமைதியில் அது மைதானத்தின் அடுத்த கோடிவரை கேட்டிருக்கும். “உஷ்!” என்று ஆளாளுக்கு அதட்டினார்கள்.

அவர் மட்டும் சட்டென்று எழுந்தார். “நீயா? நீ வந்திருக்கியா?”

“ஆமா, நான்தான். ஆஃப்சைடு தெரியாதவ!” என்றாள்.

அந்தப் பெண் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “சார், உட்காருங்க. கேப்டன் பின்னாடி நகர்றார்... கீப்பர் இடது பக்கம் சாயறான்... ஓடி வர்றார் சார்...”

வாழ்நாளெல்லாம் காத்திருந்த அந்த உதைக்கு அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

“பந்து கிடக்கட்டும்மா. பார்வை போய் ரெண்டு வருஷமாச்சு, என் பொண்டாட்டி இப்ப எப்படி இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க.”