டின்னில் மிச்சம் நாலு

"என்னங்க, டின்ல நாலு பிஸ்கட்தான் கெடக்கு!" என்று பதறினாள் நிரோஜா.

விற்பதற்காக அவள் காளான் மாவில் சுட்டு, கெடாமலிருக்கக் கராம்பும் கறுவாப்பட்டையும் மட்டும் சேர்த்த பிஸ்கட். ஒரு மாதம் கெடாமல் தாங்கினால்தான் கடையில் விற்க எடுப்பேன் என்று மாத்தளைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். இன்றோடு மாதம் முடிகிறது.

"நான்தான் தின்னேன்," என்றான் கணவன் சசிக்குமார்.

"காளான்னாலே உங்களுக்குக் குமட்டுமே!"

"கெட்டுப்போச்சான்னு யாராச்சும் தின்னு பாக்கணும்ல? வாங்குறவங்க வீட்டுப் புள்ளைக்கு வயித்துவலி வந்தப்பறமா தெரியணும்? அதான் தெனமும் ஒன்னு தின்னேன்."

நிரோஜாவின் பதற்றம் போன இடம் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்ங்க."

"மிச்சத்த கடைக்காரருக்குத் தைரியமா கொண்டு போய்க் குடு. நேத்து தின்னதும் மொத நாள் மாதிரியேதான் குமட்டுச்சு!"