சுவரிடம் சொன்னது

சண்டைக்குப் பிறகு மேகலாவும் தயாளனும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதைக் கூடத்துச் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். அன்று காலை மேகலா பெட்டியை மூடிவிட்டுச் சுவரிடம், "நான் அம்மா வீட்டுக்குப் போறேன், இனி வரமாட்டேன்னு சொல்லிடு" என்றாள்.

"சொல்லிடறேன்க்கா!" என்றது சுவர்.

அது பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் குரல். ஜன்னலைத் திறந்துபோட்டுப் புருஷனோடு குத்தாட்டம் போடுகிறவள். "அண்ணே, கேட்டுச்சா? ஓடிப்போய்க் கட்டிப்பிடிங்க! இங்க இந்த மனுஷன் அதைத்தான் பண்றாரு. யோவ், விடுய்யா, பேசிக்கிட்டிருக்கேன்ல!"

மேகலாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. தயாளனும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று அருகில் வந்து, அவள் காதோரம் குனிந்து, "போகாத" என்றான்.

அவளுக்கு நன்றாகக் காதில் விழுந்தும், "கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.